ஒரு டெர்மினுக்கு இருபத்திமூன்று பேர்

போன மாதம் நந்தினி தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த சுகாதார அலுவலகத்தில் இப்போது அவள்தான் சமூகப் பணியாளர். கோயம்புத்தூர்ப் பிள்ளை, நல்ல சுறுசுறுப்பு.

“அக்கா, ஸ்டோர் ரூமைக் காலி பண்றோம். சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இருபத்திரண்டு கிடக்குது. யாரோடதுன்னே தெரியல. தூக்கிப் போட்டுறலாமா?”

இதை அவள் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் காலத்துத் தொலைபேசிகள் ஒன்றும் சரியில்லை. ரீவியும் அப்படித்தான், நடிகர்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். விஷயம் விளங்கியதும் நான் போட்ட சத்தத்தில் என் மனுசன் கரண்டியோடு சமையலறையில் இருந்து ஓடி வந்தார்.

“தொட்டால் தெரியும்! அது என்ரை ஸ்டூல்!”

“உங்களுதா? இருபத்திரண்டுமா? எதுக்குக்கா?”

சொல்லத் தொடங்கினேன். ஒரு மணித்தியாலம் ஆயிற்று. கடைசியில் நந்தினி, “அக்கா, இதை எழுதிக் குடுங்க, இங்க புதுசா வர்றவங்க எல்லாரும் படிக்கட்டும்” என்றாள். ஓய்வுபெற்றவளிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பாளா? அன்றைக்கே கொப்பி வாங்கிவிட்டேன்.

என் பெயர் தவமணி. சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஜெர்மனிக்கு வந்தது, முகாமில் இருந்தது, ஹோட்டலில் கட்டில் விரித்தது, முப்பது தாண்டிய பிறகு தாதியர் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தது எல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்தக் கதையை எழுத உட்கார்ந்தால் எனக்கே நித்திரை வருகிறது. பரீட்சையில் பாஸ். வேலை கிடைத்தது. அவ்வளவும் போதும்.

வேலை, பிராங்பேர்ட்டில் இருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம் போனால் வருகிற ஓர் ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே உள்ளவர்கள் ரோசக்காரர். பாடசாலை தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் சுகாதார அலுவலகம் பரிசோதிக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். கண் பார்ப்போம், காது பார்ப்போம், ஒற்றைக் காலில் துள்ளச் சொல்வோம், படம் கீறச் சொல்வோம். கடைசியில் வைத்தியர் ஒரு பரிந்துரை எழுதுவார். அந்தப் பரிந்துரையைப் பார்த்துத்தான் பிள்ளை எந்தப் பாடசாலைக்கு என்று முடிவாகும்.

இன்னொரு வேலை, வீடு வீடாகப் போவது. பழைய ரயில் தடத்துக்குப் பின்னால் இரண்டு கட்டடங்கள் இருந்தன. அங்கே ருமேனியாவில் இருந்து வந்த ரோமா குடும்பங்கள். ரோமா என்றால், ஐரோப்பாவில் பல நூறு வருடமாக இருந்தும் எந்த நாட்டிலும் முழுதாக உள்ளே விடப்படாத மக்கள். கட்டடச் சொந்தக்காரன் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று அடைத்து வைத்திருந்தான். தபால்பெட்டியில் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் கடிதம் போய்ச் சேராது, கடிதம் சேராததால் டெர்மின், அதாவது அலுவலகம் குறித்துத் தரும் நேரம், எப்போது என்று தெரியாது, டெர்மினுக்கு வராததால் எங்கள் கோப்பில் “ஒத்துழைப்பு இல்லை” என்று எழுதப்படும். நான் அந்தக் கட்டடங்களுக்குச் செய்த முதல் மருத்துவ சேவை, ஒரு தடித்த கறுப்புப் பேனையால் முப்பது தபால்பெட்டிகளில் பெயர் எழுதியதுதான். அடுத்த மாதமே ஆட்கள் டெர்மினுக்கு வரத் தொடங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

அங்கே ஃபுளோரா என்றொரு பெரிய மனுசி. உருவத்திலும் குரலிலும் பெரியவள். என்னைக் கண்ட முதல் நாளே தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

“நீ எங்கடை ஆள்தான். ஏன் ஒளிக்கிறாய்?”

“இல்லை ஃபுளோரா, நான் இலங்கை.”

“ஓம் ஓம், எல்லாரும் ஒவ்வொரு இடம் சொல்லுறவைதான். சரி, சாப்பிட்டியோ?”

அவர்கள் பேசியது உடைந்த ஜெர்மனும் ருமேனிய மொழியும். எனக்குள்ளே அது போய் இறங்கியது யாழ்ப்பாணத் தமிழாகத்தான், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

இனி டொக்டர் ஹார்ட்மான். எங்கள் பொறுப்பு வைத்தியர். நெடிய பெண்மணி, நரைத்த குட்டைமுடி. மேசையில் மூன்று பென்சில், கோடு போடும் அடிமட்டம் ஒன்று. பத்தேகாலுக்கு ஓர் அப்பிளை நாலாக வெட்டிச் சாப்பிடுவார், பத்து இருபதுக்கு அடுத்த பிள்ளை. அவர் கோப்பில் எதையும் அழிக்க மாட்டார். பிழையாக எழுதிவிட்டால் அடிமட்டம் வைத்து ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் திகதியும் தன் பெயரின் முதலெழுத்தும் போடுவார். கீழே உள்ள பிழை எப்போதும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவர் பேச்சு மட்டும் எனக்கு இலக்கணத் தமிழாகவே கேட்கும்.

“ஒரு டெர்மின், ஒரு பிள்ளை, ஒரு பெற்றோர், திருமதி தவமணி.” இதை அவர் வாரத்துக்கு நாலு தரம் சொல்லுவார்.

காது பரிசோதிக்கும் அறைக்கும் அவர் ஒரு நடைமுறை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். பிள்ளைக்கு ஹெட்போன் மாட்டி, மேசையில் மரக்கட்டைகளை வைக்க வேண்டும். நான் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் ஹெட்போனுக்குள் “பீப்” என்று மெல்லிய சத்தம் வரும். சத்தம் கேட்டால் பிள்ளை ஒரு கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போடும். முதல் விதி: பரிசோதிப்பவர் பிள்ளையின் பின்னால் இருக்க வேண்டும்.

பின்னாலாம்! ஐந்து வயதுப் பிள்ளை, அறியாத அறை, தலையில் ஒரு பெரிய ஹெட்போன். இதற்குப் பின்னால் பேய் மாதிரி ஒளித்து நிற்கச் சொன்னால் என்ன நியாயம்? டொக்டர் ஹார்ட்மான் அறைக்குள் வராத நாட்களில் நான் பிள்ளைக்கு முன்னால் கதிரையைப் போட்டு, சிரித்துக்கொண்டே பரிசோதித்தேன். பிள்ளைகள் அழவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் தெனிசா வருகிறாள். ஃபுளோராவின் தங்கை மிரேலாவின் மகள், ஆறு வயதுக்கு இரண்டு மாதம் இருந்தது. இரண்டு பின்னல், முன்பல் இல்லை, கண் இரண்டும் எந்த நேரமும் யாராவது ஒருவருடைய முகத்தில். காதுப் பரிசோதனையில் பதினெட்டு பீப், பதினெட்டுக் கட்டை! நான் அவளுக்கு இரண்டு ஸ்டிக்கர் கொடுத்தேன். ஆனால் டொக்டரின் அறையில் எல்லாம் கவிழ்ந்தது. ருமேனிய மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தும், சொன்ன சொல்லைத் தெனிசா திருப்பிச் சொல்லவில்லை. பூனை எங்கே என்று கேட்டால் சிரித்தாள். அவளுடைய சொந்த மொழியிலேயே வார்த்தைகள் பாதிப் பாதியாகத்தான் வந்தன.

“காது முழுமையாகச் சரி” என்றார் டொக்டர் ஹார்ட்மான், நான் கையெழுத்திட்ட தாளைப் பார்த்தபடி. “ஆகவே காரணம் காதில் இல்லை. விளங்கும் ஆற்றல் குறைவு. சிறப்புப் பாடசாலையைப் பரிந்துரைக்க வேண்டியிருக்கும். அடுத்த வாரம் தாயாரிடம் விளக்குவோம்.”

அந்தப் பாடசாலையில் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ரயில் தடத்துப் பிள்ளை ஒன்று அங்கே போனால் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. மிரேலாவும் பார்த்ததில்லை. அவளே சின்ன வயதில் அவளுடைய ஊரில் அப்படியொரு வகுப்பில் இருத்தப்பட்டவள். டெர்மின் கடிதத்தைக் கொடுத்து நான் செய்தி சொன்னதும் அவள் முகம் செத்துப்போயிற்று.

“என்ரை பிள்ளை மோடு இல்லை, அறிவிருக்கு” என்றாள். “நீ வீட்டை வந்து பார்த்தனிதானே?”

பார்த்திருந்தேன். வீட்டில் அவள் கெட்டிக்காரி. ஆனால் கோப்பு கோப்புத்தானே. பதினெட்டுக்குப் பதினெட்டு.

அடுத்த வாரம் டெர்மின், காலை ஒன்பது மணி. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க எங்கள் வாசலில் இரண்டு வான் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். இறங்கினார்கள். இன்னும் இறங்கினார்கள். மாமன், சித்தி, அத்தான், பேபிக்கூடைகள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்ட ஆண்கள், கையில் பெரிய சட்டியோடு ஃபுளோரா. பெரிய விஷயம் என்றால் குடும்பம் முழுதாக வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தெனிசாவோடு சேர்த்து இருபத்திமூன்று பேர். எனக்கு அதிசயமாக இருக்கவில்லை. என் மனுசனுக்குக் கடவாய்ப்பல் பிடுங்கிய அன்று ஸ்டுட்கார்ட்டில் இருந்தெல்லாம் கார் வந்தது.

டொக்டர் ஹார்ட்மான் படியில் இறங்கி வந்து அப்படியே நின்றார். “ஒரு டெர்மின்...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. ஒரு குழந்தை அவர் கையில் இருந்த அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

“டொக்டர், இவர்களைத் திருப்பி அனுப்ப ஏலாது” என்றேன். “தாயும் சேர்ந்து போய்விடுவாள். பிறகு வரவே மாட்டாள்.”

“நடைபாதையிலும் படியிலும் யாரும் இருக்கக் கூடாது. தீயணைப்பு விதி. தடுப்பூசி மண்டபம் பத்தரை வரை காலியாக இருக்கிறது. ஆனால் அங்கே இருக்கைகள் இல்லை.”

இருக்கைதானே பிரச்சினை? எங்கள் தமிழ் மண்டபத்துப் பூட்டின் திறப்பு என் மனுசனிடம்தான் இருந்தது. பக்கத்துத் தெருதான். தொலைபேசியில் அழைத்தேன்.

“இஞ்சை, மண்டபத்துச் சிவப்பு ஸ்டூல் இருபத்திரண்டு உடனை கொண்டு வாங்கோ.”

“ஆருக்குச் சாமத்தியச் சடங்கு?”

“ஒருத்தருக்கும் இல்லை. கெதியா வாங்கோ!”

பதினைந்து நிமிடத்தில் வந்தார். வேட்டி கட்டாததுதான் குறை, மற்றும்படி ஒரு சடங்குக்கு உரிய முகத்தோடு ஸ்டூல்களை இறக்கி வட்டமாக அடுக்கினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஃபுளோரா சட்டியைத் திறந்தாள், கோவா உருண்டை, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டியது. அரசாங்கக் கட்டடத்தில் அப்படி ஒரு வாசம் அதற்கு முன் வந்ததே இல்லை. யாரோ பாட, யாரோ அதட்ட, எனக்கு அங்கே இருந்து போகவே மனமில்லை.

தெனிசா உட்காரும் பிள்ளை இல்லை. வட்டத்துக்குள் ஓடித் திரிந்தாள். நான் தட்டு நீட்டிக்கொண்டு நின்று அவளையே பார்த்தேன். ஃபுளோரா “சாப்பிட வாங்கோ!” என்று ஒரு சத்தம் போட்டாள். எல்லாப் பிள்ளைகளும் பாய்ந்து வந்தார்கள். தெனிசா வரவில்லை. மச்சான்காரன் போய் அவள் தோளில் தட்டினான், உடனே வந்தாள். பிறகு மாமன் ஏதோ கேட்டான். கேட்கும் முன் அவள் தோளைத் தொட்டான். சித்தி பின்னலை மெல்ல இழுத்துவிட்டுத்தான் பேசினாள். தகப்பன் கன்னத்தில் தட்டினான். மற்றப் பிள்ளைகளை எல்லோரும் தூரத்தில் இருந்தே கூப்பிட்டார்கள். இவளை மட்டும் தொட்டுத் தொட்டு.

“மிரேலா, ஏன் தெனிசாவை மட்டும் தொட்டுக் கதைக்கிறியள்?”

“ஆர் தொடுறது?”

“நீங்கள் எல்லாரும்.”

“இல்லையே!” என்று சொல்லிக்கொண்டே அவள் தெனிசாவின் தோளில் தட்டி, “நாங்கள் உன்னைத் தட்டுறமோ?” என்று கேட்டாள்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பிறகு ஒரு சண்டை. நான் தட்டுவதில்லை, நீதான் தட்டுகிறாய் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டி, ஒவ்வொருவரும் சாட்சிக்குத் தெனிசாவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஒரே கொண்டாட்டம். நானும் வயிறு நோகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கையில் சிரிப்பு நின்றுபோயிற்று. இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. இருபத்திரண்டு பேர் தங்களுக்கே தெரியாமல், வருடக்கணக்காக, அவளுக்குக் காதாக இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் என் பதினெட்டுக் கட்டை?

காது அறைக்கு ஓடினேன். யாரும் இல்லை. ஹெட்போனை மேசையில் வைத்து, என் கதிரையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். எதிரே மருந்து அலுமாரியின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. ஓர் அழுத்தல், தலை ஓர் ஆட்டல். இன்னோர் அழுத்தல், இன்னோர் ஆட்டல். பசனையில் தாளம் போடுகிறவர் மாதிரி! ஆட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தேன், புருவம் ஏறியது. ஐயோ கடவுளே. நாங்கள் தமிழர் தலையை ஆட்டாமல் ஒரு கதை கேட்போமா, ஒரு பாட்டுக் கேட்போமா? என் தலை ஆடியபோதெல்லாம் அந்தக் கெட்டிக்காரி கட்டையைப் போட்டிருக்கிறாள். விளங்கும் ஆற்றல் குறைவாம்!

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் வேறு விதமாகவும் யோசித்தேன். “இன்னொரு தரம் பார்த்தால் நல்லது, டொக்டர்” என்று மட்டும் சொன்னால் போதும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்து மண்டபத்தில் மிரேலா ஸ்டூல் நுனியில் இருக்கிறாள். டொக்டரின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முன்னால் இருந்ததை, எத்தனை மாதமாக என்பதை, தலையாட்டலை.

அவர் கேட்டுக்கொண்டே பென்சிலை அடிமட்டத்துக்குச் சமாந்தரமாக வைத்தார்.

“செய்து காட்டுங்கள்” என்றார்.

காற்றில் பொத்தான் அழுத்திக் காட்டினேன். தலை ஆடியது. டொக்டர் ஹார்ட்மானின் வாய்க்கோணம் ஒரு கணம் துடித்தது, அது சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு கோப்பைத் திறந்து, தன் பரிந்துரையின் மேல் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தார். திகதி, எழுத்து.

“நீங்கள் முன்னால் இருந்து பரிசோதித்த எல்லாப் பிள்ளைகளையும் திரும்ப அழைப்போம். நானும் உங்களோடு இருப்பேன். இப்போது அந்தச் சிறுமி.”

இந்த முறை நான் பின்னால் இருந்தேன். தெனிசா கையில் கட்டையோடு காத்திருந்தாள். அழுத்தினேன். ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன், ஒன்றும் இல்லை. அவள் மெல்லத் திரும்பி என் முகத்தைத் தேடினாள். “திரும்பாதே, கண்ணா” என்றார் டொக்டர், தோளைத் தொட்டு. அந்தப் பெண்மணி தொட்டுப் பேசியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல சத்தமாக வைத்த பிறகுதான் முதல் கட்டை விழுந்தது. தெனிசா பின்னால் திரும்பும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு டொக்டர் ஹார்ட்மான் தானே மண்டபத்துக்குப் போய், வட்டத்தின் நடுவில் நின்றார். “நான் பிழையான முடிவு எழுதினேன். உங்கள் மகளுக்கு விளங்குகிறது. கேட்கவில்லை. அது திருத்தக்கூடியது. மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார். என் பெயரை எடுக்கவே இல்லை. மிரேலா வாய்விட்டு அழுதாள். மற்றவர்கள் கைதட்டினார்கள், ஒரு மாமன் விசிலடித்தார். ஃபுளோரா டொக்டரின் தோளைப் பிடித்து அமுக்கி ஒரு சிவப்பு ஸ்டூலில் இருத்தி, கையில் தட்டைக் கொடுத்தாள். உத்தியோகத்தர் உபசாரம் ஏற்கக் கூடாது என்ற விதியை எழுதியவரும் அவர்தான். இரண்டு உருண்டை சாப்பிட்டார். அப்போது மணி பத்தேகால்.

மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் காது சரியாக இருந்தது, தப்பினேன். தெனிசாவுக்கு இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் பிசின் மாதிரி நீர் கட்டியிருந்தது. நீரை எடுத்து, செவிப்பறையில் அரிசி அளவு குழாய் வைத்தார்கள். ஒரே நாளில் வீடு. இரண்டு நாள் கழித்து நான் போனபோது வீட்டில் வழமையான இரைச்சல். தெனிசா கட்டிலில் ஏறி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள்.

“ஏன் எல்லாரும் இப்பிடிக் கத்துறியள்? வாயை மூடுங்கோ!”

ஃபுளோரா வாயை மூடினாள். ஃபுளோரா! நான் கண்ணால் கண்டேன்.

ஒரு வருடம் பேச்சுப் பயிற்சி, பிறகு எல்லாப் பிள்ளைகளோடும் சாதாரண முதலாம் வகுப்பு. முதல் நாள் படத்தில், இங்கே புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெரிய இனிப்புக் கூம்பைக் கட்டிப்பிடித்தபடி அவளும், சுற்றி இருபத்திரண்டு பேரும், ஓரத்தில் நானும், அடிமட்டம் இல்லாத டொக்டர் ஹார்ட்மானும். ஸ்டூல்கள் தமிழ் மண்டபத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஒன்பது முதல் பத்தரை வரை “குடும்ப டெர்மின்” என்று டொக்டரே நடைமுறை எழுதி, சுவரில் ஒட்டினார். எத்தனை பேரும் வரலாம். பல வருடம் கழித்துப் புதுக் கதிரைகள் வந்த பிறகுதான் ஸ்டூல்கள் ஸ்டோர் ரூமுக்குள் போயின.

என் பிரியாவிடைக்குத் தெனிசா வந்திருந்தாள். பதினைந்து வயது, என்னைவிட உயரம். பின்னால் வந்து என் தோளில் தட்டிவிட்டு, “அன்ரி” என்றாள். பாசம் என்று நினைத்துக் கட்டிப்பிடித்தேன்.

“அன்ரி, மூண்டு தரம் கூப்பிட்டனான். நீங்கள் திரும்பேல்லை.”

“பாட்டுச் சத்தம், பிள்ளை.”

“பாட்டு இல்லை. அங்கிளும் உங்களைத் தட்டிப்போட்டுத்தான் கதைக்கிறார். எனக்கு அது வடிவாத் தெரியும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். போன மாதம் நந்தினியோடு பேசி முடித்த பிறகுதான் என் மனுசன் கரண்டியைக் கீழே வைத்து, என் தோளில் தட்டி, “தெனிசாப் பிள்ளை காது வைத்தியரிட்டை உனக்கு டெர்மின் எடுத்து வைச்சிருக்கிறாள். வாற செவ்வாய். போவம்” என்றார். ஓ, எல்லோரும் கூட்டுச் சதி!

காது வைத்தியரின் நிலையத்தில் வரவேற்பில் இருந்த பெண், “ஒரு நோயாளியோடு ஒருவர்” என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இரண்டு வான். கூட எங்கள் வான். மிரேலா, ஃபுளோரா, ஸ்டூல் சுமக்கும் மாமன்மார், அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு என் மனுசன். நந்தினியும் லீவு போட்டு வந்திருந்தாள். வெயில் காலம், நடைபாதை ஓரத்திலேயே வட்டம் போட்டுவிட்டார்கள். சட்டியும் வந்திருந்தது.

உள்ளே தெனிசா மட்டும் என்னோடு வந்தாள். தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். பரிசோதிக்கும் பெண் நல்ல சிரித்த முகம், என் எதிரே கதிரையை இழுத்துப் போட்டாள்.

“பின்னாலை இருங்கோ, தயவுசெய்து” என்றாள் தெனிசா. “இவ முகம் பாத்துச் சொல்லிப்போடுவா.”

இரண்டு பேரும் எனக்குப் பின்னால் போய்விட்டார்கள். முன்னால் வெறும் சுவர். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. என் கழுத்து தன்பாட்டில் மெல்லத் திரும்பத் தொடங்கியது, ஒரு முகத்தைத் தேடி.

தோளில் ஒரு தட்டு விழுந்தது.

“திரும்பாதேங்கோ, அன்ரி!”

ஹெட்போனுக்குள்ளாலும் அது எனக்கு நன்றாகக் கேட்டது.